செவல் மண்ணில் இயற்கைப் புகையிலை: மகசூலுக்கு முன்னால் மண்ணைப் படிப்பது எப்படி

புதிதாகப் புகையிலை வைக்க வருபவர்கள் எடுத்ததுமே கேட்பது, "ஏக்கருக்கு எத்தனை டிராக்டர் குப்பை அடிக்கணும்?" என்பதுதான். அதற்கான சத்துக் கணக்கு கீழே வருகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. அடித்த குப்பையிலுள்ள (தொழுவுரத்திலுள்ள) தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, மண் எந்த நாளில் விடுகிறது? அதை எடுக்கிற அளவுக்கு வேருக்குக் காற்றோட்டம் இருக்கிறதா? இயற்கை முறையில் புகையிலை மகசூல் ஏறுவதும் விழுவதும் பெரும்பாலும் இந்த இரண்டில்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரரைவிட இரண்டு மடங்கு குப்பை அடித்துவிட்டு அவரைவிடக் குறைவாக எடுப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

இந்தக் கட்டுரை திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டாரத்தை மனதில் வைத்து எழுதியது. கிணற்றுப் பாசனம், செவல் மண், வடகிழக்குப் பருவமழை, வெயிலில் பதப்படுத்தும் மெல்லும் புகையிலை. இதே நிலை உள்ள பிற ஊர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்கும் முன் மூன்று விஷயம்

முதலாவது, இயற்கை முறையில் விளைந்தாலும் புகையிலை புகையிலைதான். ரசாயன உரத்தை நிறுத்தினால் நிக்கோட்டின் குறையாது, புற்றுநோய் அபாயமும் போகாது. அமெரிக்காவில் இயற்கைப் புகையிலையில் செய்த சிகரெட் பெட்டியிலேயே "இது பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை" என்கிற மாதிரி அச்சிட்டு விற்கிறார்கள். "இயற்கை" என்ற சொல்லைக் காட்டி யாரிடமும் ஆரோக்கியம் பேசி விற்காதீர்கள்.

இரண்டாவது, வாங்குபவர். சிகரெட் புகையிலைக்குப் புகையிலை வாரியம் இருக்கிறது, ஏலம் இருக்கிறது. மெல்லும் புகையிலைக்கு அந்த ஏற்பாடு கிடையாது; வியாபாரி வந்து இலையைத் தொட்டுப் பார்த்து விலை சொல்வார். இயற்கை என்பதற்காகக் கூடுதல் விலை தருபவரைக் கண்டுபிடித்த பிறகு சான்றிதழ் வேலையைத் தொடங்குங்கள். ஓராண்டுப் பயிர்களுக்கு மாற்றக்காலமே இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டும் இயற்கை முறையின் செலவு இருக்கும், இயற்கை விலை இருக்காது.

மூன்றாவது, உடம்பு. பனியோ மழையோ பட்டு நனைந்த புகையிலைக்குள் வெறும் உடம்போடு வேலை செய்தால் நிக்கோட்டின் தோல் வழியாக ஏறி வாந்தி, தலைசுற்றல் வரும். முழுக்கைச் சட்டை, கையுறை, வெயில் ஏறி இலை காய்ந்த பிறகு இறங்குவது: இதைக் கூலிக்கு வருபவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளை அந்த வேலைக்கு விடவே கூடாது.

எந்தப் புகையிலைக்கான கணக்கு இது?

இணையத்தில் "புகையிலைக்கு ஏற்ற மண்" என்று தேடினால் கார அமில நிலை (பிஹெச்) 5.5 முதல் 6.5 என்றும், தண்ணீரில் குளோரைடு இருக்கவே கூடாது என்றும் வரும். அது சிகரெட்டுக்குப் போகும் புகையிலையின் கணக்கு. அதற்கு மெல்லிய, வெளிர் மஞ்சள் இலை வேண்டும். குளோரைடு ஏறினால் இலை சரியாகக் கனன்று எரியாது. மெல்லும் புகையிலையை யாரும் பற்றவைப்பதில்லை. இங்கே வேண்டியது தடித்த, கனமான, காரமுள்ள இலை. பதப்பட்ட இலைமேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் வியாபாரி முகம் மலரும். பிஹெச் 8-ஐ ஒட்டிய மண்ணிலும் சவர்த் தண்ணீரிலும் (உப்புத் தண்ணீரிலும்) இங்கே தலைமுறைகளாகப் புகையிலை விளைவது இதனால்தான். 1948-ல் வேடசந்தூரில் தொடங்கிய புகையிலை ஆராய்ச்சி நிலையத்தில் இந்த மெல்லும் ரகங்களிலும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. வட்டக்காப்பல், ஊசிக்காப்பல் போன்ற பழைய வகைகளோடு, அங்கிருந்து வந்த அபிராமி போன்ற ரகங்களும் புழக்கத்தில் இருக்கின்றன.

ஆகவே பிஹெச் 7.8 என்று மண் பரிசோதனை அட்டையில் பார்த்துப் பதற வேண்டாம். 8.5-ஐத் தாண்டினால்தான் யோசிக்க வேண்டும்.

1. மண்வெட்டியோடு ஒரு மணி நேரம்

ஆய்வகத்துக்குப் போகும் முன் உங்கள் நிலத்தில் மூன்று இடத்தில் ஒன்றரை அடி ஆழக் குழி வெட்டுங்கள்: நன்றாக விளையும் இடம், சுமாரான இடம், எதுவும் தேறாத இடம். மண்ணின் பாதிக் கதை அந்தக் குழியின் சுவரிலேயே தெரிந்துவிடும்.

முதலில் தொட்டுப் பாருங்கள். ஈர மண்ணை உருட்டிக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து ரிப்பன் போலத் தள்ளுங்கள். ரிப்பனே வராமல் உதிர்ந்தால் மணல்சாரி. ஓரங்குலம் வந்து ஒடிந்தால் நடுத்தர வண்டல், புகையிலைக்கு வசதியான மண். இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டால் களி. மணல்சாரியில் இலை மெலிந்து எடை குறையும், சத்து சீக்கிரம் கரைந்து ஓடும். களியில் இலை தடிக்கும், காரமும் ஏறும். ஆனால் ஐப்பசி அடைமழையில் தண்ணீர் நின்றால் பயிரே போய்விடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், மக்கு, அதாவது மண்ணில் மக்கிய இலைதழையும் எருவும். அதைக் கொடுக்கும் விதம்தான் வேறு, அது பின்னால் வருகிறது.

அடுத்து, கட்டியைத் தண்ணீரில் போடும் சோதனை. இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். மேல்மண்ணிலிருந்து ஒரு கட்டியும் ஓரடிக்குக் கீழிருந்து ஒரு கட்டியும், நெல்லிக்காய் அளவில், நிழலில் காய்ந்தவை எடுங்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றி மெதுவாக இறக்குங்கள். கிணற்றுத் தண்ணீரில் செய்தால் அதிலுள்ள உப்பே உண்மையை மறைத்துவிடும். கலக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், மறுநாளும் பாருங்கள். கட்டி கட்டியாகவே இருந்தால் மண் உறுதியாக இருக்கிறது, மக்கு போதுமானது. சரிந்து குவியலாகி, மேலே தண்ணீர் தெளிவாக இருந்தால் மக்கு குறைவு. கட்டியைச் சுற்றிப் பால் ஊற்றியது போலக் கலங்கி, மறுநாளும் தெளியாமல் நின்றால் மண்ணில் சோடியம் ஏறியிருக்கிறது, களர் தொடங்கிவிட்டது. அந்த நிலத்தில் எவ்வளவு குப்பை கொட்டினாலும், மழை பெய்ததும் மேல்மண் ஏடு கட்டிக்கொள்ளும், வேருக்கு மூச்சு முட்டும்.

மூன்றாவது, கம்பி. நிலம் ஈரமாக இருக்கும்போது அரையங்குலக் கம்பியை உடல் எடையால் அழுத்துங்கள். ஐந்தாறு அங்குலத்தில் டக்கென்று நின்றால் அங்கே கெட்டித்தட்டு இருக்கிறது. வருஷக்கணக்கில் ரோட்டவேட்டரை மட்டுமே ஓட்டிய நிலங்களில் இது சாதாரணம். புகையிலை நாற்றைப் பிடுங்கி நடுவதால் ஆணிவேர் அறுந்து, பக்கவேர்கள்தான் செடியைத் தாங்குகின்றன. அவையும் பெரும்பாலும் மேல் ஓரடிக்குள்ளேயே பரவும். அந்த ஓரடியில் பாதியைத் தட்டு எடுத்துக்கொண்டால் மிச்சம் அரையடி. கோடையில், மண் காய்ந்திருக்கும்போது, உளிக்கலப்பையால் ஒருமுறை உடைத்துவிடுங்கள். ஈரத்தில் உளிக்கலப்பை ஓட்டினால் தட்டு உடையாது, கோடுதான் விழும்.

கடைசியாக, வெட்டிய குழியில் தண்ணீரை நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் தடவை நிரப்பியது ஒரு நாளாகியும் நின்றால் அந்த இடத்தில் பார் (நாற்று நடும் மண்மேடு) உயரம் கூட்டி, வடிகால் வெட்டாமல் நடாதீர்கள். தண்ணீர் தேங்கினால் புகையிலை தாங்காது. மழை விட்டு வெயில் அடித்த மறுநிமிஷமே, ஈர மண்ணில் நின்றுகொண்டே, இலையெல்லாம் தொங்கிவிடும். வேர் மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருப்பதன் அறிகுறி அது.

2. மாதிரி எடுத்து அட்டையைப் படிப்பது

மண் மாதிரி எடுப்பது பற்றிச் சுருக்கமாக. கோடையில், குப்பை அடிப்பதற்கு முன் எடுங்கள். வரப்பு, மரநிழல், எருக்குழி, கிணற்று மேடு தவிர்த்து, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் குழி வெட்டி, ஓரத்தைச் சீவி எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைக் கழித்து அரைக்கிலோவாக்குங்கள். செவலும் கரிசலும் கலந்த நிலமானால் தனித்தனி மாதிரி. புகையிலைக்கு இன்னொரு மாதிரியும் தேவை: 15 முதல் 30 சென்டிமீட்டர் வரையிலான அடிமண். உப்பும் சோடியமும் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அட்டை வந்ததும் எல்லோரும் தழை, மணி, சாம்பல் மூன்றையும் பார்த்துவிட்டு மடித்துவிடுகிறார்கள். இயற்கை முறைக்குப் படிக்க வேண்டிய வரிசை வேறு.

கரிமச்சத்து (அட்டையில் அங்ககக் கரிமம் என்று இருக்கும்): 0.5 சதவீதத்துக்குக் கீழ் குறைவு, 0.75-க்கு மேல் நல்லது. நம் செவல் நிலங்களில் 0.3, 0.4 என்று வருவதே அதிகம். இந்த எண் குறைந்த நிலத்தில் முதல் வருஷமே ரசாயன முறை மகசூலை எதிர்பார்க்காதீர்கள்.

உப்புநிலை: மீட்டருக்கு ஒரு டெசிசைமனுக்குள் இருந்தால் கவலையில்லை. மேலே போகப் போக முதலில் நாற்றங்காலில் முளைப்பு அடிபடும். நாற்றங்காலை மட்டும் நல்ல மண், நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் போடுவது இதற்காகத்தான்.

தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழ் குறைவு என்பார்கள். இயற்கை முறையில் இந்த எண்ணைவிடக் கரிமச்சத்து எண்ணே நம்பகமானது. மணிச்சத்து 11 கிலோவுக்குக் கீழ் குறைவு, 22-க்கு மேல் அதிகம். இங்கே ஒரு எச்சரிக்கை: குறைவு என்று வந்ததும் ராக் பாஸ்பேட் வாங்கித் தூவச் சொல்வார்கள். அது அமில மண்ணில் கரையும். பிஹெச் 8 உள்ள நம் மண்ணில் கல்லாகவே கிடக்கும். போடுவதானால் எருக்குழியில் குப்பையோடு சேர்த்து மக்க வைத்துப் போடுங்கள். சாம்பல்சத்து 118-க்குக் கீழ் குறைவு, 280-க்கு மேல் அதிகம். புகையிலை சாம்பல்சத்தை வாரி எடுக்கும் பயிர். ஆனால் குப்பையிலுள்ள சாம்பல்சத்து அநேகமாக முதல் பருவத்திலேயே கிடைத்துவிடுவதால், குப்பை தாராளமாகப் போகும் நிலத்தில் இது அவ்வளவு தொல்லை தருவதில்லை. அடுப்புச் சாம்பல் போடலாம், ஆனால் பிஹெச் 8-ஐத் தாண்டிய நிலத்தில் வேண்டாம், பிஹெச் இன்னும் ஏறும்.

மண்ணில் சுக்கான்கல் கிடந்தாலோ, மண்மேல் வினிகர் விட்டால் நுரைத்தாலோ சுண்ணாம்பு அதிகம். அங்கே இரும்பும் துத்தநாகமும் கட்டுண்டு கிடக்கும். இளம் இலைகள் வெளுத்து வந்தால் தழைச்சத்துக் குறை என்று நினைத்துப் புண்ணாக்கைக் கொட்டாதீர்கள்.

3. கிணற்றுத் தண்ணீரின் கணக்கு

"சவர்த் தண்ணியிலதான் போயிலை காரமா வரும்" என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் எவ்வளவு உப்பைக் கொண்டுவருகிறது என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நாம் கூட்டிப் பார்ப்போம்.

உப்புநிலை 2 உள்ள தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் உப்பு கரைந்திருக்கும். ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குல அளவு பாய்ச்சினால் இரண்டு லட்சம் லிட்டர். ஆக ஒரு பாய்ச்சலுக்கு நிலத்தில் இறங்குவது கிட்டத்தட்ட 260 கிலோ உப்பு. பத்துத் தண்ணீர் பாய்ச்சினால் இரண்டரை டன்னுக்கு மேல். செடி இதில் கொஞ்சம்தான் எடுக்கும். மீதி வேர்ப் பகுதியிலேயே தங்கி, அடுத்த பருவமழை கழுவிக் கீழே இறக்கும்வரை காத்திருக்கும். மழை நன்றாகப் பெய்யும் வருஷங்களில் கணக்கு நேராகிவிடும். இரண்டு வருஷம் தொடர்ந்து மழை ஏமாற்றினால், புகையிலை தாங்கினாலும் பின்னால் போடும் பயறு தாங்காது. நடவுக்கு முன் பெய்யும் முதல் மழை ஓடிவிடாமல் வரப்பைக் கட்டி நிலத்துக்குள் இறக்குவதே மலிவான உப்பு வைத்தியம்.

அப்புறம், நடும் இடம். பார் கட்டித் தண்ணீர் விட்டால் ஈரம் வாய்க்காலிலிருந்து பாரின் உச்சிக்கு ஏறும். ஏறி ஆவியாகும்போது உப்பை உச்சியிலேயே விட்டுவிட்டுப் போகும். வெயில் நாளில் பாரின் முகட்டில் வெள்ளைப் படலம் தெரிவது அதுதான். சவர்த் தண்ணீர் உள்ளவர்கள் நாற்றை முகட்டில் நடாமல், பாரின் சரிவில், தண்ணீர் தொடும் கோட்டுக்குச் சற்று மேலே நட வேண்டும். இந்த நாலு விரல் வித்தியாசம் போக்குநடவை (செத்த நாற்றுக்குப் பதிலாக மறுபடி நடுவதை) நன்றாகக் குறைக்கும்.

கட்டிச் சோதனையில் பால் போலக் கலங்கிய நிலத்துக்கு ஜிப்சம் வேண்டும். இயற்கையாக வெட்டியெடுத்த ஜிப்சம் இயற்கை வேளாண்மையில் ஏற்கப்படுகிறது. சான்று வாங்குபவர்கள் சான்றளிக்கும் அமைப்பிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பருவமழைக்கு முன் போட்டுக் கலக்கி, மழையில் சோடியத்தைக் கீழே கழுவவிட வேண்டும். ஜிப்சம் போட்டுவிட்டுச் சவர்த் தண்ணீரிலேயே கழுவினால் பாதி வேலைதான் நடக்கும்.

4. தழைச்சத்து: அளவைவிட நாள் முக்கியம்

இப்போது குப்பைக் கணக்கு. நம் ஊர் தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து டன் அடித்தால் 50 கிலோ. ஆனால் அந்தப் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, 15 முதல் 17 கிலோ. மீதி அடுத்தடுத்த வருஷங்களுக்கு. முதல் வருஷம் ஏமாற்றமாகவும் மூன்றாம் வருஷம் "அட, பரவாயில்லையே" என்றும் இருப்பதன் ரகசியம் இதுதான். எருக்குழியில் மூடாமல் வெயிலில் காயப்போட்ட குப்பையானால் அந்த அரை சதவீதமும் இருக்காது.

புகையிலையின் பசிக்கு ஒரு ஒழுங்கு உண்டு. நட்ட முதல் மூன்று வாரம் வேர் பிடிப்பதிலேயே போகும், பசி குறைவு. அப்புறம் ஐந்தாறு வாரம் அகோரப் பசி. இலையின் நீளமும் அகலமும் அப்போதுதான் தீர்மானமாகின்றன. நுனி கிள்ளிய பிறகு பசி அடங்க வேண்டும். அடங்கினால்தான் இலை பழுத்து, தடித்து, பதத்துக்கு வரும்.

ரசாயன உரம் போடுபவர் இந்த நாளுக்கு ஏற்ப மூட்டையைப் பிரிக்கலாம். நம் கையில் அந்த வசதி இல்லை. வெப்பமும் ஈரமும் இருக்கும்வரை நுண்ணுயிர்கள் குப்பையைச் சிதைத்துக்கொண்டே இருக்கும், செடிக்குப் போதும் போதும் என்றாலும் விடாது. எனவே எல்லா வேலையும் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

ஐப்பசியில் நடவு என்று வைத்துப் பின்னோக்கி வருவோம். சித்திரை வைகாசியில் கோடை உழவு. ஆடியில் கிடைக்கும் முதல் மழைக்குச் சணப்பு விதையுங்கள். உப்போ களரோ உள்ள நிலமானால் தக்கைப்பூண்டு. 45 நாளில், பூ எடுக்கும் நேரத்தில், தண்டு முற்றுவதற்குள் மடக்கி உழ வேண்டும். முற்றிய தண்டு மக்கும்போது மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மடக்கியதற்கும் நடவுக்கும் மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும். சணப்பில் இன்னொரு லாபம், வேர்முடிச்சு நூற்புழுவை அது பெருக விடாது.

ஆட்டுக்கிடை போடுவதானால் பசுந்தாள் மடக்குவதற்கு முன்னோ, மடக்கிய கையோடோ அமர்த்துங்கள். கிடையின் பலம் புழுக்கையைவிட மூத்திரத்தில் இருக்கிறது. பிஹெச் கூடிய மண்ணில் அது ஆவியாகப் பறந்துவிடும். கிடையைப் பெயர்த்த மறுநாளே மேலோட்டமாக ஓர் உழவு போட்டால் பாதியைக் காப்பாற்றலாம். யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களில் ஆடு மாடு கட்டுவதோடு, பூவரசு போன்ற மரங்களின் குழையை வெட்டித் தாழ்ப்பதும் வழக்கமாக இருந்தது. மரம் நிறைய உள்ளவர்கள் அதையும் செய்யலாம், கூலி கட்டுபடியாகும் என்றால்.

அந்த அகோரப் பசிக் காலத்துக்குப் புண்ணாக்கு. வேப்பம்புண்ணாக்கில் தழைச்சத்து சுமார் 5 சதவீதம், கடலைப்புண்ணாக்கில் 7. ஏக்கருக்கு 200 கிலோ வேப்பம்புண்ணாக்கு என்றால் 10 கிலோ தழைச்சத்து. நட்ட மூன்றாம் நாலாம் வாரத்தில், செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து மண் அணைத்துத் தண்ணீர் விடுங்கள். வேப்பம்புண்ணாக்கு மெதுவாக விடும், கடலைப்புண்ணாக்கு வேகமாக விடும். மணல்சாரியில் வேப்பம்புண்ணாக்கை இரண்டாகப் பிரித்து வையுங்கள். களிப்பாங்கான மண்ணில் ஒரே தடவை போதும். ஐம்பதாம் நாளுக்கு மேல் எந்த மண்ணிலும் எதுவும் வைக்காதீர்கள். கடைசியில் வைத்த புண்ணாக்கு எடையைக் கூட்டுவது போலத் தெரியும், செடி கரும்பச்சையாக ஜம்மென்று நிற்கும், ஆனால் பழுக்காது. வியாபாரி "பச்சை வாடை வருது" என்று விலையைக் குறைப்பார்.

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், அசோஸ்பைரில்லம் எல்லாம் கொடுக்கலாம், தப்பில்லை. தழைச்சத்துக் கணக்கில் மட்டும் அவற்றைச் சேர்க்காதீர்கள், அளவு அவ்வளவு சொற்பம். நகரத்துக் கழிவுநீர்ச் சேற்றில் செய்த எரு மட்டும் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். புகையிலை மண்ணிலிருந்து காட்மியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் பயிர்.

5. நட்ட பிறகு இலையைப் பார்த்து மண்ணைக் கண்டுபிடிப்பது

அடியிலை முழுவதும் சீராக மஞ்சளாகி மேலே ஏறிவந்தால் தழைச்சத்து போதவில்லை. நட்டு நாற்பது நாளுக்குள் என்றால் கடலைப்புண்ணாக்கை ஊறவைத்த கரைசல் வேலை செய்யும். எழுபது நாளுக்கு மேல் என்றால் சந்தோஷப்படுங்கள், பழுக்கிறது.

இலை நுனியும் ஓரமும் கருகிக் கீழ்நோக்கிச் சுருண்டால் சாம்பல்சத்துக் குறை.

கன மழைக்குப் பின், மணல்சாரி நிலத்தில், அடியிலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுப்பகுதி வெள்ளையாக வெளுத்தால் அது மக்னீசியம் கரைந்து போனதன் அடையாளம். பலரும் இதை நோய் என்று நினைத்து மருந்து தேடி அலைகிறார்கள். மக்னீசியம் சல்பேட் தெளித்தால் சரியாகும்; சான்று பெற்ற நிலமானால் முன்அனுமதி வாங்கிவிட்டுத் தெளியுங்கள்.

கார்த்திகைப் புயல் மழையில் பக்கத்து ரசாயனத் தோட்டம் ஒரே வாரத்தில் வெளுத்துப்போவதையும் மக்கு ஏறிய தோட்டம் பச்சையாகவே நிற்பதையும் பார்க்கலாம். கரைந்து ஓடக்கூடிய சத்து நம் மண்ணில் ஒரே நேரத்தில் அதிகம் கிடப்பதில்லை. இயற்கை முறை எடையில் ஜெயிக்கும் வருஷங்கள் பெரும்பாலும் இந்த மாதிரி மழை வருஷங்கள்தான்.

6. மண்ணுக்குள் காத்திருப்பவை

புகையிலைக் காளான் என்று ஒன்று உண்டு. பெயர்தான் காளான், உண்மையில் பச்சையமே இல்லாத ஒட்டுண்ணிச் செடி. புகையிலை வேரில் ஒட்டிச் சத்தை உறிஞ்சி, வெளிறிய பூத்தண்டாக மண்ணைப் பிளந்து வரும். தூசி போன்ற அதன் விதை பத்து வருஷத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். முந்தைய பட்டத்தில் எள்ளோ பயறோ போட்டால், அவற்றின் வேர்க்கசிவைப் புகையிலை என்று நினைத்து விதைகள் முளைத்து, ஒட்ட ஆளில்லாமல் செத்துப்போகும். வயலில் தலை காட்டியவற்றைப் பூக்கும் முன் பிடுங்கி நிலத்துக்கு வெளியே கொண்டுபோய் எரியுங்கள். வரப்பில் போட்டால் விதை திரும்பி வரும். மொட்டின்மேல் இரண்டு சொட்டு வேப்பெண்ணெய் விட்டாலும் கருகும். புதிதாக நிலம் வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ புகையிலை வைப்பவர்கள், மண் பரிசோதனைக்கு முன்பே அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டியது இந்தக் காளானைப் பற்றித்தான்.

நூற்புழுவுக்கு, கத்தரி, தக்காளி, மிளகாய் போட்ட நிலத்தில் உடனே புகையிலை வைக்காதீர்கள். எல்லாம் ஒரே குடும்பம். சோளம், கம்பு, எள் நல்ல முன்பயிர்கள். நாற்றங்கால் பாத்தியைக் கோடையில் நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் ஐந்தாறு வாரம் மூடிவைத்தால் நூற்புழு, களை விதை, நாற்றழுகல் பூஞ்சணம் மூன்றும் வெந்து குறையும்.

7. நுனி கிள்ளுவது

நிக்கோட்டின் உருவாவது இலையில் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது வேரில் உண்டாகி மேலே ஏறுகிறது. புகையிலை வேரில் தக்காளித் தண்டை ஒட்டுக்கட்டினால் தக்காளி இலையில் நிக்கோட்டின் வந்துவிடும். தக்காளி வேரில் புகையிலையை ஒட்டினால் அந்தப் புகையிலை இலையில் ஏறக்குறைய இருக்காது. பல பத்தாண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்த சோதனை இது. ஆகவே காரத்துக்கும் எடைக்கும் வேர் வளர வேண்டும், வேர் வளர மண் பொலபொலப்பாக இருக்க வேண்டும். பூமொட்டு வந்ததும் நுனியைக் கிள்ளினால் வேர் மறுபடி ஓடும், இலை தடிக்கும்.

எத்தனை இலை விட்டுக் கிள்ளுவது என்பதையும் மண்ணே முடிவு செய்யட்டும். ரசாயன முறையில் எல்லாச் செடிக்கும் ஒரே எண்ணிக்கை வைப்பார்கள். நீங்கள், வளமான பகுதியில் ஓரிரண்டு இலை கூட விடுங்கள், மெலிந்த பகுதியில் ஓரிரண்டு குறைத்துக் கிள்ளுங்கள். மெலிந்த செடியில் நிறைய இலை விட்டால் எல்லாமே காகிதம் போல நிற்கும். கிள்ளிய பிறகு வரும் பக்கச் சிம்புகளை வாரம் ஒருமுறை ஒடிக்காவிட்டால் செய்த வேலை எல்லாம் வீண்.

நட்டு 110 முதல் 120 நாளில் இலை மஞ்சள் கலந்த பச்சையாகி, மேற்பரப்பு சுருங்கிப் புடைத்து, மடித்தால் பட்டென்று ஒடியும். அந்தப் பதத்தில் செடியோடு வெட்டுங்கள். மக்கு கூடிய நிலத்தில் இது ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப் போகலாம். நாள்காட்டியை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். வெட்டுக்கு முந்தைய நாட்களில் தண்ணீரை நிறுத்துவதும் மண்ணைப் பொறுத்தது: மணல்சாரியில் ஒரு வாரம் முன்பு, களியில் இரண்டு வாரம் முன்பு.

8. மகசூலை அளப்பது

இரண்டரை அடிக்கு இரண்டரை அடி நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 7,000 செடி நிற்கும். செடிக்கு 20 கிராம் பதப்பட்ட இலை கூடினாலே ஏக்கருக்கு 140 கிலோ. ஆனால் இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, தராசு வேண்டும். முதல் வருஷம் முழு நிலத்திலும் ஒரே வேலையைச் செய்யாதீர்கள். நாலு நாலு பாராகப் பிரித்து, ஒரு பட்டையில் சணப்பு மட்டும், அடுத்ததில் சணப்பும் கிடையும், அடுத்ததில் இரண்டோடு புண்ணாக்கும் என்று வையுங்கள். முதலில் வெட்டிய அந்த மூன்று குழிகளும் வெவ்வேறு பட்டையில் விழாமல், ஒவ்வொரு பட்டையும் நல்ல மண்ணையும் கெட்ட மண்ணையும் கடந்து போகும்படி நீளவாக்கில் பிரிக்க வேண்டும். வெட்டும்போது ஒவ்வொரு பட்டையிலும் ஐம்பது செடிக்கு வண்ணக் கயிறு கட்டித் தனியே உலர்த்தி எடை போடுங்கள். பச்சை எடை ஏமாற்றும். உலர்ந்த எடையும் வியாபாரி சொன்ன விலையும்தான் கணக்கு. எடை கூடிய பட்டைக்கு விலை குறைவாக வந்தால், அங்கே தழைச்சத்து பிந்தி வந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சான்றளிப்பவர்கள் கேட்கும் பண்ணைப் பதிவேட்டுக்கும் இதே குறிப்பு உதவும்.

வெட்டி முடிந்ததும் கட்டைகளை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். தண்டில் சாம்பல்சத்து நிறைய உண்டுதான், ஆனால் தேமல் நோய்க் கிருமி காய்ந்த தண்டிலும் சாகாது, எருக்குழியிலும் லேசில் சாகாது. மக்கவைத்துத் தென்னைக்கோ சோளத்துக்கோ போடுங்கள், புகையிலை நிலத்துக்கும் கத்தரி, மிளகாய்த் தோட்டத்துக்கும் வேண்டாம். பிடுங்கும்போதே ஒவ்வொரு பட்டையிலும் நாலைந்து வேரைத் திருப்பிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. ஒரே மட்டத்தில் எல்லா வேரும் பக்கவாட்டில் மடங்கியிருந்தால் கெட்டித்தட்டு இன்னும் உடையவில்லை, அந்தக் கோடையிலேயே உளிக்கலப்பைக்குச் சொல்லிவிடுங்கள்.